சடையப்பன் தண்டலின் கைப்பட்டை

இல்லீங்க, இந்தப் பெட்டியை மேல வைக்க முடியாது. மடியிலயே இருந்துட்டுப் போகட்டும். நீங்க தாராளமா உக்காருங்க. கோலாலம்பூர்தானே? நல்லதாப் போச்சு, ரெண்டரை மணி நேரம் இருக்கு. இந்த பஸ்காரன் தாப்பாவுல நிறுத்திக் கோப்பி குடிக்காம போகமாட்டான், அதையும் சேத்துக்குங்க.

உள்ள என்னன்னு கேக்க வர்றீங்க. கேட்டா சொல்றதுல எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. சின்னங்கள். சண்டைக் காலத்துச் சின்னங்கள். தொப்பி நட்சத்திரம், காலர்ல தைக்கிற துண்டு, பித்தளை பேட்ஜ், கையில கட்டுற பட்டை. வெள்ளைக்காரன் மெடல் இல்ல, அதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். இந்திய தேசிய ராணுவத்தோடதும் இல்ல. அதை அவங்கவங்க வீட்ல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்காங்க, அதைப் பத்திப் பேசினா சண்டைதான் வரும். நான் சேக்கிறது வேற. ஜப்பான்காரன் காலத்துல அவனுக்குக் கை கட்டி நின்னு, நம்ம சனங்க மேலயே காவல் காத்தான் பாருங்க, உள்ளூர்க்காரன், அவன் மாட்டிக்கிட்டது. தமிழன், மலாய்க்காரன், சீனன், எல்லாத்துலயும் இருந்தான். முகத்தைச் சுளிக்கிறீங்க. பரவாயில்ல. என் சம்சாரம் இருபது வருசமா இப்பிடித்தான் சுளிக்கிறா.

ஏன் இதுன்னா, கிடைக்காது. அவ்வளவுதான் விசயம். வீரனா இருந்தவன் மெடலைக் கண்ணாடி போட்டு மாட்டுவான். இவன், நாப்பத்தஞ்சுல வெள்ளைக்காரன் திரும்பி வந்த அன்னிக்கே கழட்டி ஆத்துல வீசிட்டான். மிஞ்சினது கொஞ்சம். அதுலயும் முக்காவாசி போலி. நான் சுகாதார இலாகாவுல இன்ஸ்பெக்டரா இருந்தவன். முப்பத்தோரு வருசம் ஓட்டல்காரன் அடுப்படியில கரப்பான் தேடினவன். எவன் பொய் சொல்றான்னு வாசல்ல நுழையும்போதே தெரிஞ்சிரும். என்னை ஏமாத்த முடியாது. நானும் யாரையும் ஏமாத்தினதில்ல. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க, ஏன்னா ஒரு குடும்பமே இன்னிக்கு என்னை என்னமோ கொலைகாரன் மாதிரி பேசிக்கிட்டு இருக்கு.

இந்தப் பெட்டியில ஒண்ணு குறையுது. தோட்டக் காவல்காரன் கைப்பட்டை. வெள்ளைத் துணி, நடுவுல சிவப்பு வட்டம், பக்கத்துல ஜப்பான் எழுத்து, ஊதா மையில ஒரு முத்திரை. பேராக் மாநிலம் பூராவும் ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு. அதைப் போன வருசம் என் கையில சும்மாவே குடுத்தாங்க. எடுத்துட்டுப் போயிருங்கன்னு குடுத்தாங்க. நான் வேணாம்னு வச்சுட்டு வந்தேன். நினைச்சா சோறு எறங்க மாட்டேங்குது.

பீடோர்ல மாணிக்கவல்லின்னு ஒரு அம்மா. எழுபத்து மூணு வயசு. அவங்க மகன் குணாளன் எனக்கு போன் பண்ணினான். எங்க தாத்தா சாமான் ஒண்ணு இருக்கு அங்கிள், அம்மா அது நெசமான்னு தெரிஞ்சுக்க ஆசைப்படுறாங்கன்னான். போனேன். வரிசையாக் கட்டின தாமான் வீடு, சின்னதா, சுத்தமா இருந்துச்சு. அந்தம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டாந்து மேசையில வச்சாங்க. உள்ள ஒரு வெள்ளைச் சட்டை, நாலா மடிச்சது. அதுக்கு மேல இந்தப் பட்டை.

"ஐயா, இது எங்கப்பா கட்டினதா? அது மட்டும் சொல்லுங்க, போதும்."

"அதை நான் எப்பிடிம்மா சொல்றது. சாமான் நெசமா, போலியான்னு சொல்லுவேன். அதுதான் என் வேலை."

கதையையும் சொன்னாங்க. நான் கேக்கல, அவங்களாத்தான் சொன்னாங்க. கொய்யாமரத் தோட்டத்துல அவங்கப்பா சடையப்பன் தண்டல். தண்டல்னா தெரியும்ல, ரப்பர் மரத்துல பால் வெட்டுற ஆளுங்களை வேலை வாங்குறவர். நாப்பத்து மூணுல ஒருநாள் காலையில பெரட்டுல, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துல, ஆளுங்களை நிக்க வச்சு, பேர் வாசிச்சு, மூணு லாரியில ஏத்தினாங்க. சயாம் காட்டுல ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடுறதுக்கு. போனவங்கள்ல திரும்பி வந்தது விரல் விட்டு எண்ணிடலாம். பேர் வாசிச்சது சடையப்பன்தான், கையில வெள்ளைப் பட்டை கட்டிக்கிட்டு நின்னு வாசிச்சான்னு தோட்டமே சொல்லுச்சு. அவரு சாகுற வரைக்கும் இல்லைன்னாரு. வாசிச்சது ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி, நான் லாரிக்குப் பின்னால சும்மா நின்னேன், கையில ஒண்ணும் கட்டலைன்னு மக தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினாராம்.

இந்தம்மா அதை நம்பிச்சு. தண்ணிக் குழாயடியில எத்தனையோ பேர்கூட மல்லுக்கு நின்னுச்சாம். சயாம் தண்டலோட மகள்னு சொன்ன ஒருத்தி மூஞ்சியில வாளித் தண்ணியைக் கொட்டிச்சாம். அறுபத்தொண்ணுல அவரு செத்தப்போ பாடை தூக்கத் தோட்டத்துல நாலு பேர் வரல. பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஆள் கூப்பிட்டுத் தூக்கினாங்க. அதுக்கப்புறம் எண்பத்து நாலுல அவங்கம்மா போனாங்க. அவங்க பெட்டியைத் தொறந்தா இந்த டின்.

"அன்னியோட எங்கப்பா பொய்யராப் போயிட்டாருய்யா" அப்பிடின்னாங்க. "நான் எத்தனை பேர் மூஞ்சியில தண்ணி ஊத்தினேன். அவங்க சொன்னதுதான் நெசம்."

சரி, நான் என் வேலையைப் பாத்தேன். சன்னலைச் சாத்தச் சொன்னேன். என்கிட்ட ஒரு ஊதா விளக்கு இருக்கு, பேனா மாதிரி சின்னது. அந்த வெளிச்சத்துல சண்டைக் காலத்துப் பருத்தித் துணியைக் காட்டினா செத்த மாதிரி இருட்டாக் கிடக்கும். பின்னால வந்த துணின்னா பளீர்னு நீலமா மின்னும். இப்ப உள்ள வெளுப்பு மருந்து அப்பிடி. நூறு வீட்ல பாத்திருக்கேன், ஒருதரம் தப்பினதில்ல. பட்டையைக் காட்டினேன். மின்னுச்சு. கல்யாண வீட்டு விளக்கு மாதிரி மின்னுச்சு.

"போலிம்மா. சண்டை முடிஞ்சு ரொம்ப வருசம் கழிச்சுத் தைச்சது."

அந்தம்மாவுக்கு முதல்ல விளங்கல. மூணு தரம் கேட்டாங்க. பிறகு அவங்களே ஒண்ணொண்ணாச் சேத்தாங்க. எவனோ எங்களைக் குத்திக் காட்டணும்னு தைச்சுக் கதவுல சொருகிட்டுப் போயிருக்கான், அம்மா அதை யார் கண்ணுலயும் படாம ஒளிச்சு வச்சிருக்கு, அப்பா கட்டலைன்னு சொன்னது நெசம்தான். அப்பிடியே சொல்லிக்கிட்டே போனாங்க. "அப்ப எங்கப்பா கட்டலியா ஐயா?" "இதைக் கட்டலம்மா"ன்னேன். இதைன்னுதான் சொன்னேன். நல்லா கவனிங்க. நான் அளந்துதான் பேசுவேன்.

அழுதாங்க. நல்லா வாய் விட்டு அழுதாங்க. அப்புறம் கோழி அடிச்சுக் கறி வச்சாங்க. கைப்பக்குவம் நல்ல பக்குவம், அதை மறைக்கக் கூடாது. கிளம்புறப்போ அந்தப் பட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு என் கையில திணிச்சாங்க. இது இனிமே இந்த வீட்ல எதுக்கு, எடுத்துட்டுப் போயிருங்கன்னாங்க. போலி எனக்கு எதுக்கும்மான்னு மேசையில வச்சுட்டு வந்தேன். அங்கதான் நான் கெட்டேன்.

எங்களுக்கு ஒரு கூட்டம் இருக்கு, சேக்கிறவங்க கூட்டம். மாசம் ஒருதரம் ஈப்போவுல. இம்மானுவேல்னு ஒருத்தன் வருவான், பல் டாக்டர். பெரிய மேதைன்னு நினைப்பு. நான் எடுத்துட்டு வந்த போட்டோவைக் காட்டி, பாருங்கடா, போலி எவ்வளவு நல்லாப் பண்றானுங்கன்னேன். அவன் கண்ணாடியைக் கழட்டி, மாட்டி, மறுபடி கழட்டினான்.

"இந்த முத்திரையைப் போலி பண்ண எவனுக்கும் தெரியாது. எப்பிடிப் போலிங்கிறீங்க?"

"மின்னுது."

"துவைச்சிருப்பாங்க. சோப்புத்தூள்ல துவைச்சா பழைய துணியும் மின்னும். துவைச்சீங்களான்னு கேட்டீங்களா?"

சோப்புத்தூள் விசயம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. எனக்குத் தெரியும். ஆனா இதை எவன் துவைப்பான்? ஒளிச்சு வைப்பான், பொதைப்பான், எலி கடிக்க விடுவான். துவைக்க மாட்டான். எந்த வீட்லயும் துவைக்கல. பன்னெண்டு பேர் முன்னால அந்தப் பல் டாக்டர் சிரிச்சான். ஐயாயிரம் வெள்ளியைக் கோட்டை விட்டுட்டீங்களேன்னு ஒருத்தன் தோள்ல தட்டினான்.

வீட்டுக்கு வந்து குணாளனுக்கு போன் போட்டேன். தம்பி, உங்கம்மா அந்தப் பட்டையைத் துவைச்சாங்களா?

"வருசா வருசம் துவைப்பாங்க அங்கிள். தாத்தா திதிக்கு அவர் உடுப்பெல்லாம் துவைச்சுப் படையல்ல வைப்போம்ல. சட்டை, வேட்டி, அப்புறம் அதுவும்."

"அதை ஏன்டா வச்சீங்க?"

"அவரு போட்டதுதானே அங்கிள், நல்லதோ கெட்டதோன்னு அம்மா சொல்லும். அன்னிக்குப் பூரா அம்மா சாப்பிடாது."

எண்பத்தஞ்சுல இருந்து வருசத்துக்கு ஒருதரம். சோப்புத்தூள் போட்டு, நீலம் போட்டு. கேட்டுக்குங்க. ஜப்பான்காரன் முத்திரை வச்ச துணிக்கு நீலம்.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவன் சந்தோசமாப் பேச ஆரம்பிச்சுட்டான். இந்த வருசத் திதி பெரிசாப் பண்றோம் அங்கிள், அம்மா கொய்யாமரத் தோட்டத்து ஆளுங்க ஒவ்வொருத்தரா விலாசம் தேடிக் கடுதாசி போட்டிருக்காங்க, சயாமுக்குப் போனவங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் வர்றாங்க, நீங்கதான் முக்கியமான ஆள், ஞாயித்துக்கிழமை வந்திருங்கன்னான். போன்ல சொல்ற விசயமா இது? சரிப்பா வர்றேன்னேன். விளக்கையும் ஒரு பிளேடையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

போனா, வாசல்ல கூடாரம், உள்ள வரிசையா இலை. அறுபது பேருக்குக் குறையாது. ஒரு பெரியவரு முதல் இலையில உக்காந்திருந்தாரு, காளிங்கன்னு பேரு, எண்பது வயசு. அவரோட அண்ணன் அந்த லாரியில போனவன். அறுபத்தாறு வருசத்துல சடையப்பன் குடும்பத்து வீட்ல அவரு தண்ணி குடிக்கிறது அன்னிக்குத்தான் முதல் தரமாம். எல்லாரும் அவரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவரு சோத்தைப் பிசைஞ்சு முதல் வாய் எடுத்ததும்தான் மத்தவங்க கை வச்சாங்க.

அந்தம்மா புதுச் சேலையில ஓடி வந்தாங்க. என் கையைப் பிடிச்சு நடுவுல கொண்டுபோய் நிறுத்தினாங்க. "இவருதாங்க அந்த ஐயா. ஐயா, நான் சொன்னா மக சொல்றான்னுதான் நினைப்பாங்க. உங்க வாயால சொல்லுங்க."

இப்ப நீங்க சொல்லுங்க. நான் என்ன செய்யணும்? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்னு பிறகு ஆளாளுக்கு புத்தி சொன்னாங்க. தனியாச் சொன்னா மறைச்சிருப்பாங்க. இல்ல, போலின்னு முன்ன சொன்னதையே மறுபடி சொல்லிட்டு, சாப்பிட்டுட்டு, வெத்தலை போட்டுக்கிட்டு வந்திருக்கலாம். முப்பத்தோரு வருசம் நான் ஒரு ஓட்டல்காரனுக்குக்கூடப் பொய் சர்ட்டிபிகேட் குடுத்ததில்ல.

"அந்தப் பட்டையைக் கொண்டாங்க"ன்னேன். இந்த வருசம் அதைப் படையல்ல வைக்கல. குணாளன் உள்ள போய் எடுத்துட்டு வந்தான், சிரிச்சுக்கிட்டே வந்தான். ஓரத்துல மடிச்சுத் தைச்ச இடத்தை பிளேடால மெதுவாப் பிரிச்சேன். சோப்பு போகாத இடம். துண்டைத் தலைமேல போட்டு இருட்டாக்கி விளக்கை அடிச்சேன். மடிப்புக்குள்ள மின்னல, செத்த இருட்டு. நாப்பத்து மூணாம் வருசத்துத் துணியேதான். ஏங்க, இருபது வருசமாத் தேடினது.

அது மட்டுமில்ல. பட்டையோட உள்பக்க நுனியில, போன தடவை இருட்டுல கண்ணுல படாத ஒரு டோபிக் குறி, கறுப்பு மையில. ரெண்டு புள்ளி, ஒரு கோடு. அந்தக் காலத்துல டோபி வீட்டுக்கு வீடு ஒரு குறி போடுவான், துணி மாறிப் போகாம இருக்க. நேரா படையல்கிட்ட போய்ச் சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பினேன். அதே ரெண்டு புள்ளி, அதே கோடு.

எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னேன். "நான் முன்ன சொன்னது தப்பு. என் தப்புதான், ஒத்துக்கிறேன். இது நெசமான பட்டை. சட்டை போட்ட ஆள்தான் இதையும் கட்டியிருக்கார். கட்டி, அழுக்காக்கி, டோபிக்குப் போட்டிருக்கார். ஒருநாள் ரெண்டுநாள் கட்டினது இல்ல." தப்பை ஒத்துக்கிறதுக்கு எவ்வளவு மனசு வேணும். யாராவது அதைச் சொன்னாங்களா?

காளிங்கன் கையை இலையிலயே உதறிட்டு எழுந்தாரு. அவரு எழுந்ததும் பக்கத்து இலை, அடுத்த இலை. சாம்பாரு ஊத்திக்கிட்டு இருந்தவன் வாளியோட அப்பிடியே நின்னான். ஒரு பொம்பள தன் பேரப்பிள்ளை வாயில இருந்த அப்பளத்தைக்கூடப் பிடுங்கிப் போட்டா.

நான் அந்தம்மாகிட்ட மெதுவாத்தான் கேட்டேன். அம்மா, போன வருசம் நீங்க எனக்குக் குடுத்தீங்கல்ல, அதை இப்ப வாங்கிக்கிறேனேன்னு. என்னை ஏறிட்டுப் பாத்தாங்க. பட்டையை என் கையில இருந்து உருவினாங்க. உருவி, தன் கையில கட்டினாங்க. முழங்கைக்கு மேல, ரவிக்கைக்குக் கீழ, பல்லால கடிச்சு முடிச்சுப் போட்டாங்க. எழுபது வருசத் துணியைப் பல்லால இழுக்கிறாங்க. எனக்கு உசிரே போச்சு.

அப்பிடியே போய் வாசல்ல நின்னு, வெளிய போறவங்க ஒவ்வொருத்தரையும் கும்பிட்டாங்க. "எங்கப்பாதான் வாசிச்சாரு. நான்தான் இல்லைன்னு உங்ககிட்ட சண்டை போட்டேன். மன்னிச்சிருங்க." அடுத்த ஆளுக்கும் அதேதான். தலை குனிஞ்சு போனவங்க போனாங்க. ஒரு ஆள் காறித் துப்பிட்டுப் போனான். கும்பிட்ட கையை அந்தம்மா இறக்கல.

"கையைத் தூக்காதீங்கம்மா, தையல் பிரிச்சிருக்கு, கிழிஞ்சிரும்"னு நான் சத்தம் போட்டேன். நான் சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா? அங்க அந்தத் துணியோட அருமை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

காளிங்கன் வாசல்ல நின்னுட்டாரு. அந்தம்மா கையையே பாத்தாரு.

"என் அண்ணன் பேரு தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணே. ராக்கப்பன். எனக்குச் சக்கரவள்ளிக்கிழங்கு சுட்டுக் குடுப்பாரு."

பெரியவரு என்ன நினைச்சாரோ, திரும்பி வந்து அதே இலையில உக்காந்தாரு. "சோறு ஆறிப்போச்சு, வேற போடு"ன்னாரு. அந்தம்மா ஓடி வந்து, கையில பட்டையோட, குனிஞ்சு பரிமாறுது. சாம்பாரு ஒரு சொட்டு அது மேல விழுந்துச்சு. மஞ்சக் கறை. அது ஜென்மத்துக்கும் போகாது, தெரியுமா உங்களுக்கு? வெளிய போனவங்கள்ல ஒரு பத்துப் பேர் திரும்பி வந்தாங்க. மத்தவங்க வரல.

நானும் ஒரு இலையில உக்காரப் போனேன். பசி. காலையில இருந்து பசியாறல. பெரியவரு சோத்துல கை வச்சபடியே என்னைக் கேட்டாரு.

"தம்பி, உங்க வீட்ல யாரு போனா, சயாமுக்கு?"

"எங்க வீட்ல யாரும் இல்லீங்க. நாங்க ஈப்போ டவுன்காரங்க. எங்கப்பாவுக்கு ஸ்டேசன் கிட்ட அரிசிக் கடை."

"ஜப்பான்காரன் காலத்துலயும் கடை இருந்துச்சா?"

"இருந்துச்சு. பர்மிட் வச்சிருந்தாரு. ஆளுங்களை ரயில் ஏத்துறதுக்கு முந்தி தங்க வைக்கிற கேம்பு இருந்துச்சுல்ல, அதுக்கு அரிசி பூராவும் எங்கப்பாதான். அந்தப் பஞ்சத்துலயும் எங்க வீட்ல ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு அவிச்சதில்லைன்னு எங்கம்மா பெருமையாச் சொல்லுவாங்க."

கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அந்தக் கிழவர் சரின்னு தலையை ஆட்டிட்டுச் சாப்பிட ஆரம்பிச்சாரு. குணாளன் வந்து என் முதுகுல கை வச்சு, உங்களுக்கு இங்க இலை இல்ல அங்கிள், கிளம்புங்கன்னான். ஒரு மனுசனைப் பந்தியில இருந்து எழுப்புறதா? நான் என்ன மறைச்சேன்? எங்கப்பா வித்தது அரிசி. கடையில உக்காந்து வித்தாரு. நல்லா யோசிச்சுப் பாருங்க, அவரு கையில ஒண்ணும் கட்டிக்கலியே.